கீழ் வரிக்கு ஆள் தேவை

வெஸ்ட் வின்ட்சர் நூலகத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் எதிரே வந்து நின்று, "நீ என்ன வாசிப்ப?" என்று கேட்டார். நூலகம் என்பதால் நான் கையிலிருந்த நாவலை எடுத்துக் காட்டினேன்.

"அது இல்ல. இன்ஸ்ட்ருமென்ட். என்ன வாசிப்ப?"

சற்று முன் நான் வாசலில் நின்று கணவரோடு போனில் தமிழில் பேசியதைக் கேட்டிருக்கிறார். அந்த மாதம் கண்ணில் பட்ட எல்லாத் தமிழர்களிடமும் அவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தன் பல் டாக்டரிடம்கூடக் கேட்டிருக்கிறார், வாயைத் திறந்து வைத்துக்கொண்டே.

"வயலின், ஆன்ட்டி. கர்னாடிக். கல்யாணத்துக்கு அப்புறம் எடுக்கலை."

"எடு," என்றார்.

அது 2002, இலைகள் நிறம் மாறும் பருவம். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி அமெரிக்கா வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. கணவர் தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போவார். இருட்டில் போய் இருட்டில் வருவார். என் விசாவில் வேலை செய்ய அனுமதியில்லை. கார் ஓட்டவும் தெரியாது. எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து நடந்து போகக்கூடிய இடம் நூலகம் ஒன்றுதான். ஆகவே பெரும்பாலான நாட்கள் அங்கேதான் இருந்தேன். "எடு" என்று ஒருவர் சொன்னபோது மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அன்று மாலையே அலமாரிக்கு மேலிருந்து வயலினை இறக்கினேன். ஒரு கம்பி அறுந்திருந்தது.

எங்கள் வீட்டில் இசை கற்றுக்கொண்டது நான் ஒருத்திதான். அத்தாவுக்கு ரேடியோக் கச்சேரிகள் மேல் பிரியம். அடுத்த தெருவில் வயலின் சொல்லிக்கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் சிலர், "ராவுத்தர் வீட்டுப் பொண்ணுக்கு இது எதுக்கு?" என்று கேட்டார்கள். அத்தா, "காதுக்குத்தான்," என்று பதில் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அந்த விவாதம் அத்தோடு முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆன்ட்டி காரில் வந்து என்னை அழைத்துப் போனார். அவர் மயக்க மருந்து டாக்டர். சென்னையில் படித்து, வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. தன் வேலையைப் பற்றிக் கேட்டதற்கு, "மத்தவங்க கத்தாம பாத்துக்கறது," என்றார். வீடு ஒரு முட்டுத் தெருவின் கடைசியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் இரண்டு மாடி உயரத்துக்குக் கூரை. ஒரே மகள் கலிஃபோர்னியாவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். யாரும் உட்காராத முன் அறையில், வெளியே பச்சையும் மூடியின் உட்புறம் சிவப்பும் பூசிய ஒரு நீளமான பெட்டி, மெல்லிய கால்களில் நின்றது. நான் பியானோ என்று நினைத்தேன்.

"ஹார்ப்சிகார்ட்," என்றார் ஆன்ட்டி. ஒரு கட்டையை அழுத்தினார். பியானோவில் ஒரு சின்னச் சுத்தியல் வந்து கம்பியைத் தட்டும். இதில் ஒரு சின்ன நகம் கம்பியைச் சுண்டிவிடுகிறது. வீணையை மீட்டுவது போலத்தான், ஆனால் விரல் அங்கே இல்லை. மெதுவாக அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் ஒரே அளவு சத்தம்தான். அந்தக் குணம் ஆன்ட்டிக்குப் பிடித்திருந்தது.

அதற்கு முந்தின வருடம் அவர் கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பு ஒன்றுக்குப் போயிருக்கிறார். பரோக் காலம் என்று சொல்லப்படுகிற முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பாவில், பணக்காரக் குடும்பங்கள் வீட்டில் எப்படி வாழ்ந்தன என்பது பாடம். முதலில் சமையலுக்காகத்தான் சேர்ந்தாராம். இசையில் கொண்டுபோய் விட்டுவிட்டது.

"கேட்டுக்கோ. அப்ப ரேடியோ இல்ல, சிடி இல்ல. பாட்டு வேணும்னா வீட்ல இருக்கறவங்கதான் வாசிக்கணும். வியாபாரி, வக்கீல், ஜமீன்தார், யாரா இருந்தாலும் சாப்பிட்டு முடிச்சா குடும்பமே உக்காந்து வாசிக்கும். பொண்ணுங்களுக்குக் கீபோர்டு. ஆம்பளைங்களுக்குப் புல்லாங்குழல், வயலின். பொண்ணு பாக்க வந்தா வாசிச்சுக் காட்டணும்."

"நம்ம ஊர்லயும் பாடச் சொல்லுவாங்களே, ஆன்ட்டி."

"அதேதான். ஆனா பொம்பளைங்க வயலின் எடுக்க மாட்டாங்களாம். தோள்ல வெச்சா அழகா இருக்காதாம். அதனால உன்னை ஆம்பளைன்னு வெச்சுக்கலாம்."

நான் சரி என்றேன்.

இன்னொன்றும் சொன்னார். பெரிய வீடுகளில் வேலைக்கு ஆள் எடுக்கும்போதே வாத்தியம் தெரியுமா என்று விசாரிப்பார்களாம். பகலில் உடுப்பு எடுத்துக்கொடுக்கிறவன் சாயங்காலம் எஜமானோடு உட்கார்ந்து வயலின் வாசிப்பான். எஜமான்கள் ரொம்பவும் நன்றாக வாசிக்கக்கூடாது; கூலிக்கு வாசிக்கிறவன் என்று நினைத்துவிடுவார்கள். இந்த இரண்டு வகையில் நான் எது என்று யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. நன்றாக வாசித்துவிடும் ஆபத்து எங்கள் இருவருக்கும் இல்லை என்பது பத்து நிமிடத்தில் உறுதியாகிவிட்டது.

நான் வழக்கம்போலத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றிக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் ஆன்ட்டியின் முழங்கால் மட்டும் தெரிந்தது. அவர் கொடுத்த தாளில் இருந்த ஐந்து கோட்டு மேற்கத்திய இசை எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. அவர் ஒவ்வொரு ஸ்வரமாகச் சொல்ல, நான் அதன் கீழே ச ரி க ம என்று பென்சிலால் எழுதிக்கொண்டேன். அரைப் பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு வாசித்தேன்.

"ஆட்டாத," என்றார் ஆன்ட்டி.

"ஆட்டலை, ஆன்ட்டி."

"ஆட்டற. நேரா வை."

கர்னாடிக்கில் அசைத்தே பழகிய என் விரலுக்குக் காந்தாரத்தை அசைக்காமல் வைப்பது எப்படி என்று தெரியவில்லை. சும்மா நிற்கும் ஸ்வரம் அதற்கு முடிக்காமல் விட்ட வேலை மாதிரி. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக வைத்தேன். அடுத்த வாரம் ஆன்ட்டி ஒரு சலுகை கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் மெதுவான பகுதிகளில் வாசிப்பவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு அலங்காரம் செய்துகொள்ளலாம் என்று ஒரு புத்தகத்தில் போட்டிருந்ததாம். "ஸ்லோ மூவ்மென்ட்ல நீ ஆட்டிக்கோ," என்றார். அதற்குப் பிறகு மெதுவான பகுதிக்காகக் காத்திருந்தேன்.

இப்போது அங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பொள்ளாச்சிப் பக்கம். டெலிபோன் கருவிகள் செய்யும் ஒரு பெரிய கம்பெனியில் என்ஜினியராக இருந்தவர். அந்தத் தொழிலே ஆட்டம் கண்ட நேரத்தில், சீக்கிரமாக ரிட்டயர் ஆகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பகல் முழுவதும் வீட்டில்தான் இருப்பார். நான் முதல் நாள் போனபோது அடுத்த அறையில் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிளுக்குக் காப்பி வேணுமான்னு கேளு," என்றார் ஆன்ட்டி சமையலறையிலிருந்து. ஆன்ட்டிக்கும் அங்கிளுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை.

"காப்பி வேணுமான்னு கேக்கறாங்க, அங்கிள்."

"வேண்டாம்னு சொல்லும்மா."

"வேண்டாமாம், ஆன்ட்டி."

"சர்க்கரை போடலைன்னு சொல்லு."

"அப்படின்னா குடுக்கச் சொல்லும்மா."

பெரிய வீடுகளில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். செய்தி கொண்டுபோக ஆள் வைத்திருப்பது பற்றி ஆன்ட்டி அப்போதுதான் சொல்லியிருந்தார். மூன்றாவது வாரத்தில்தான் எனக்கு உறைத்தது, இவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணத்தை ஆன்ட்டி காரில் சொன்னார். "கோயம்புத்தூர்ல வீடு கட்டறார். நாங்க திரும்பப் போறோம்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. எனக்கு யார் சொன்னா தெரியுமா? என் நாத்தனார். 'அண்ணி, கிச்சன் டைல்ஸ் உங்களுக்குப் பிடிச்சிருக்கா'ன்னு போன்ல கேக்கறா. எனக்குக் கிச்சனே தெரியாது."

அங்கிள் தன் பக்கத்தை, ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி சேர்க்கும்போது சொன்னார். "வீட்ல சும்மாவே உக்காந்திருந்தேன்மா. ஏதாவது ஒண்ணு செய்யணும்ல? போன்லயே கட்டிட்டேன். முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

சுருதி சேர்ப்பது என்றால் சின்ன வேலை இல்லை. ஹார்ப்சிகார்ட் மரத்தால் ஆனது. ஹீட்டர் போட்டால் ஒரு பக்கம் விலகும், மழை பெய்தால் இன்னொரு பக்கம். பழைய காலத்தில் இதற்கென்றே வீட்டுக்கு ஆள் வருவாராம். இங்கே அங்கிள்தான். ஆன்ட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன் உட்கார்ந்து, சுருதி காட்டும் கையளவு மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாகப் பச்சை விளக்கு எரியும்வரை திருகுவார். ஆன்ட்டியின் கார் சத்தம் கேட்டதும் திருகும் சாவியை மேசை டிராயரில் போட்டுவிட்டுச் சோபாவுக்குப் போய் பேப்பரை விரித்துக்கொள்வார். ஆன்ட்டிக்குச் சனிக்கிழமை டியூட்டி விழுந்தால் கணவர் என்னைச் சீக்கிரமே கொண்டுவந்து விட்டுவிடுவார்; அந்த நாட்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஆன்ட்டி வந்து உட்கார்ந்து நாலு கட்டையை அழுத்திப் பார்ப்பார். "நல்ல மேக். சுருதி விலகவே இல்ல பாரு," என்பார். நான் அங்கிளைப் பார்ப்பேன். அவர் பக்கத்தைத் திருப்புவார்.

நோன்பு மாதம் வந்தது. நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே நோன்பு திறக்கும் நேரம் ஆகிவிடும். நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது அங்கிள் ஜன்னலோரம் நின்று வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நேரமானதும் ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து என் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, "நிறுத்தச் சொல்லும்மா," என்பார். ஆன்ட்டி எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்திவிடுவார். அவர்கள் இருவரும் அந்தக் குளிர்காலத்தில் முழுமையாக ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் இசையில் ஒரு குறை இருந்தது. அந்தக் காலத்து வீட்டு இசைக்கு அடியில் ஒரு கீழ் வரி ஓடும், பேஸ் என்பார்கள். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலினான செல்லோ மாதிரி கனமான வாத்தியம் ஒன்று அதை வாசிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பாட்டு கால் இல்லாமல் மிதக்கிறது என்று ஆன்ட்டியின் வகுப்பு ஆசிரியர் சொல்லியிருந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி கொஞ்ச நாள் செல்லோவோடு வந்தாள். பரீட்சை என்று நின்றுவிட்டாள். ஆன்ட்டி இந்திய மளிகைக் கடை நோட்டீஸ் பலகையில், பேயிங் கெஸ்ட் விளம்பரத்துக்கும் ஜோசியர் விளம்பரத்துக்கும் நடுவில், "பேஸ் வாசிக்க ஆள் தேவை" என்று எழுதி ஒட்டினார். யாரோ ஒருவர் போன் செய்து சம்பளம் எவ்வளவு, எச்-1 விசா ஸ்பான்சர் செய்வீர்களா என்று கேட்டார்.

குளிர் முடிகிற சமயம், பக்கத்து வீட்டு அமெரிக்கர் ஆன்ட்டியை நிறுத்தி, உங்கள் காரேஜ் கதவு மோட்டாரில் ஏதோ கோளாறு, மதிய நேரத்தில் பயங்கரமாக முனகுகிறது, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றார். ஆன்ட்டி அதை அங்கிளிடம் சொல்லும்படி என்னிடம் சொன்னார். நான் சொன்னேன்.

அங்கிள் பேப்பரை மடித்து வைத்தார். "அது மோட்டார் இல்ல," என்றார். "நான்தான்."

மகள் ஸ்கூல் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த செல்லோ அவள் அறையில் இருந்திருக்கிறது. அதைக் காரேஜுக்குக் கொண்டுபோய், நூலகத்திலிருந்து எடுத்துவந்த வீடியோவைப் பார்த்து, காருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுப் பழகியிருக்கிறார். எத்தனை மாதமாக என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"கீழ் வரி எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லும்மா."

நான் திரும்பி, "ஆன்ட்டி, அங்கிளுக்குக் கீழ் வரி..." என்று தொடங்கினேன்.

"கேட்டுச்சு," என்றார் ஆன்ட்டி. தாளைத் திருப்பி முதல் பக்கத்தை எடுத்து வைத்தார். "நாற்காலி எடுத்துட்டு வரச் சொல்லு."

அங்கிள் நன்றாக வாசிக்கவில்லை. ஆனால் என்ஜினியர் வாசிப்பது போல வாசித்தார். ஒவ்வொரு ஸ்வரமும் அளந்து வெட்டினது போல அதன் இடத்தில் விழுந்தது. முதல் நாள் நாங்கள் மூவரும் எட்டு வரிகள் சேர்ந்து வாசித்தபோது, தரையில் உட்கார்ந்திருந்த எனக்குச் செல்லோவின் அதிர்வு கார்ப்பெட் வழியாகக் காலுக்கு வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் களைப்பாக இருந்தார். "பேஸ் கிடைச்சாச்சா? நல்லது," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார்.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. இந்த மாதிரி இசைக்குத் தாளம் போட யாரும் கிடையாது. வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, மூச்சை இழுத்து, தலையை லேசாக அசைத்துச் சேர்ந்து தொடங்க வேண்டும். ஆன்ட்டி அங்கிளைப் பார்க்க மாட்டார். அங்கிள் ஆன்ட்டியைப் பார்க்க மாட்டார். ஆகவே இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையில் இருந்ததால் இருவரும் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அது ஹார்ப்சிகார்டுக்குக் கீழே எதையோ தொலைத்துவிட்டது போல இருந்தது. கடைசியில் நான் எழுந்து நாற்காலிக்கு மாறினேன். வயலினைத் தாடைக்கடியில் வைக்கப் பழகிக்கொண்டேன். நான் தலையசைத்தால் தொடங்குவார்கள், தலையசைத்தால் நிறுத்துவார்கள். நடுவில் செய்திகளும் நடந்தன.

"அவரை ரெண்டாவது பக்கத்துல கொஞ்சம் வேகமா வரச் சொல்லு."

"அவளை என்னை விட்டுட்டுப் போக வேண்டாம்னு சொல்லும்மா."

மே மாதம் ஆன்ட்டி ஒரு கச்சேரிக்கு ஏற்பாடு செய்தார். பணக்காரக் குடும்பங்கள் விருந்தாளிகளை அழைத்து வீட்டிலேயே நடத்தும் வகை. ஆஸ்பத்திரி டாக்டர்கள் சிலர், தமிழ்க் குடும்பங்கள் சில. எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளிலிருந்து மினி இட்லி, வடை, கேசரி. அந்தக் காலத்தில் இசை நடக்கும்போதே சாப்பிடுவார்கள், பேசுவார்கள், சீட்டுக்கூட ஆடுவார்கள், ஆகவே யாரும் கூச்சப்படத் தேவையில்லை என்று ஆன்ட்டி எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். யாரும் கூச்சப்படவில்லை. முதல் பாட்டு முழுக்க இரண்டு அங்கிள்கள் கிரீன் கார்டு வரிசை பற்றிப் பேசினார்கள். ஒரு ஆன்ட்டி என் காதருகே குனிந்து, "சட்னி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். நான் வில்லால் காட்டினேன்.

இரண்டாவது பாட்டில் மெதுவான பகுதி வந்தது. எனக்கு ஆட்ட அனுமதி இருந்த இடம். நான் ரொம்பவும் அனுபவித்து வாசித்துக்கொண்டிருந்தேன், அதனால் கீழே என்ன நடக்கிறது என்று கவனிக்கவில்லை. அங்கிள் தன் நிதானத்தில் வந்துகொண்டிருந்தார். ஆன்ட்டி அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் இருவரும் ஒரு முழு வரி விலகிவிட்டார்கள். ஆன்ட்டி நிறுத்தினார். திரும்பி அங்கிளை நேராகப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

அங்கிள் வில்லைத் தூக்கிய நிலையில் இருந்தார். "நான் எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன். நீதான் விட்டுட்டுப் போற."

"நான் விட்டுட்டுப் போறேனா? சொல்லாம கொள்ளாமக் கோயம்புத்தூர் போனது யாரு?"

அறையில் பேச்சு நின்றது. கிரீன் கார்டு வரிசையும் நின்றது.

"போகலையே. கட்டத்தானே செஞ்சேன்."

"எங்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்ப."

"அதனாலதான் கேக்கணும்."

அங்கிள் வில்லை மடியில் வைத்துக்கொண்டார். ஆன்ட்டி விடவில்லை. "கம்பெனில அனுப்பிச்சப்பவும் சொல்லல. ஒரு வாரம் பையைத் தூக்கிட்டு எங்கயோ போயிட்டு வந்தீங்க. தினம் இதுக்கு ட்யூன் பண்றீங்க, அதையும் சொல்லல. எனக்குக் காது இல்லையா? நான் காலைல சுருதி விலகி இருக்கறதைப் பாத்துட்டுத்தானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்?"

"நீயும்தான் தெரியும்னு சொல்லல," என்றார் அங்கிள்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் தாளில் இருந்த ச ரி க ம எழுத்துக்களைப் பார்த்தேன். விருந்தாளிகளில் ஒரு அமெரிக்க டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் இது நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்து, தட்டைக் கீழே வைத்துவிட்டு மிகுந்த மரியாதையோடு கவனித்தார்.

பிறகு ஆன்ட்டி, "அந்த வீட்ல எவ்வளவு பெரிய ஹால்?" என்று கேட்டார்.

"நல்ல பெரிசு. கல்லுத் தரை."

"கார்ப்பெட் கிடையாதா?"

"கோயம்புத்தூர்ல எதுக்குக் கார்ப்பெட்?"

ஆன்ட்டி யோசித்தார். "மூணாவது வரியில இருந்து எடுப்போம்," என்றார்.

நான் வயலினைத் தூக்கித் தலையசைக்கத் தயாரானேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்து, மூச்சை இழுத்து, தொடங்கிவிட்டார்கள். நான் இரண்டு ஸ்வரம் தாமதமாக உள்ளே நுழைந்தேன். நான் நுழைந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பகுதி முடிகிறவரை அங்கே ஒருவரும் சாப்பிடவில்லை. முடிந்ததும் அமெரிக்க டாக்டர் எழுந்து நின்று கை தட்டினார். மற்றவர்களும் எழுந்தார்கள், வடை ஆறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எனக்குச் செய்தி சொல்லும் வேலை போய்விட்டது. வீடு அமைதியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அவர்கள் பேசத் தொடங்கியதும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வரிக்கும் வாக்குவாதம். எது வேகம், எது நிதானம், யார் முதலில் பிசகியது, கோயம்புத்தூரில் மாடிப்படி ஏன் வெளியே வைத்தது. முன்பு ஒரு மாலையில் மூன்று பாட்டு வாசிப்போம். இப்போது ஒன்று முடிந்தால் அதிகம். நான் வயலினை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். பசித்தால் உள்ளே போய் ஏதாவது எடுத்துச் சாப்பிடுவேன். யாரும் தடுக்கவில்லை.

இப்படிச் சில வருடங்கள் போயின. நான் கார் ஓட்டக் கற்றேன். எங்களுக்குக் கிரீன் கார்டு வந்தது. நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சனிக்கிழமைகள் மட்டும் மாறவில்லை.

இடையில் ஒரு குளிர்காலம் ஆன்ட்டி விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகக் கோயம்புத்தூர் போனார். வீட்டைப் பார்த்துவிட்டுக் குறை சொல்லத்தான் போகிறேன் என்று சொல்லியே போனார். அந்த இரண்டு மாதமும் அங்கிளும் நானும் வயலினும் செல்லோவும் மட்டும் உள்ள பாட்டுகளை வாசித்தோம். ஹார்ப்சிகார்ட் இல்லாத வீடுகளுக்கென்று அந்தக் காலத்திலேயே, கீபோர்டு அல்லது பேஸ், ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று அட்டையில் போட்டே இசைப் புத்தகங்களை விற்றிருக்கிறார்கள். நாங்கள் வாசிக்கும்போது அங்கிள் ஹார்ப்சிகார்டின் மூடியைத் திறக்கவில்லை. ஆனால் சுருதி மட்டும் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்த ஆன்ட்டி சூட்கேஸைத் திறப்பதற்கு முன்பே சொன்னார். "அந்த ஹால்ல கை தட்டிப் பாத்தேன். இந்தக் கார்ப்பெட்ல வாசிக்கறது தலகாணில வாசிக்கற மாதிரி. நாம அங்க போயிடலாம்."

இப்போது அங்கிள் தயங்கினார். அதற்குள் அவர் டவுனில் ஒரு அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்திருந்தார். கடைசி வரிசை, கடைசி நாற்காலி. வியாழக்கிழமை ரிகர்சலுக்குக் கறுப்புப் பேன்ட்டைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு போவார். "இங்க ஸ்பிரிங் கச்சேரி இருக்கு. அதுக்கப்புறம் ஃபால். அவங்க என்னை நம்பியிருக்காங்க," என்றார். அவர்கள் அவரை எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அப்படிச் சொன்னபோது முகம் சிவந்திருந்தது. கம்பெனி அனுப்பிய பிறகு எங்கோ ஓர் இடத்தில் அவருக்கென்று நாற்காலி இருந்தது என்பது ஆன்ட்டிக்கும் புரிந்திருக்க வேண்டும். அந்தப் பேச்சை அவர் அதற்குமேல் இழுக்கவில்லை. குளிர்காலம் அங்கே, மற்ற மாதங்கள் இங்கே என்று முடிவாயிற்று. அதற்கே ஒரு வருடம் வாதாடினார்கள்.

2007 கோடையில் என் கணவருக்கு ஹூஸ்டனில் வேலை மாறியது. அதன் பக்கத்திலேயே பேர்லேண்டில் வீடு பார்த்துவிட்டோம். கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை கடைசி முறையாக வாசித்தோம். கணவரும் வந்தார். இத்தனை வருடத்தில் அவர் எங்கள் வாசிப்பைக் கேட்க வந்தது அன்றுதான் முதல் தடவை. கச்சேரி நடந்த நாளில்கூட அவருக்கு ஆபீஸ் இருந்தது. சோபாவில் அங்கிளின் பேப்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் நான்கு பகுதிகள் கொண்ட ஒரு பாட்டை எடுத்தோம். ஆன்ட்டியும் அங்கிளும் வழக்கம்போல முதல் பகுதியில் மூன்று முறை நின்று சண்டை போட்டார்கள். இரண்டாவது பகுதியில் ஒரு முறை. கணவர் மூன்றாவது பகுதியில் தூங்கிவிட்டார். ஆன்ட்டி அவரைப் பார்த்துத் தலையாட்டி, "நல்ல டோஸ்," என்றார்.

முடிந்ததும் ஆன்ட்டி எனக்கு ஒரு டப்பாவில் புளியோதரை கட்டிக்கொடுத்தார். அங்கிள் வாசல்வரை வந்தார். "டெக்ஸாஸ்ல ரொம்ப ஹ்யுமிடிட்டிம்மா. வயலினைக் கார்ல வெச்சுட்டு எங்கயும் போகாத," என்றார். ஆன்ட்டி உள்ளேயிருந்து, "அவளுக்குத் தெரியாதா?" என்றார். "தெரிஞ்சாலும் சொல்லுவேன்," என்றார் அங்கிள். கார் தெருவைத் திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்று அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரூட் 1 நெடுஞ்சாலையில் சிக்னலுக்காக நின்றபோது கணவர் கேட்டார். "எப்பவும் இப்படித்தான் பேசிக்கிட்டே வாசிப்பாங்களா?"

"ஆமா."

"நடுவுல நீ மட்டும் ஒரு இடத்துல வாசிச்சல்ல, மெதுவா, ஆட்டி ஆட்டி."

"நீங்க தூங்கிட்டீங்களே."

"அதுலதான் தூங்கினேன்," என்றார். "நல்லா இருந்துச்சு."

பச்சை விழுந்தது. புளியோதரை டப்பாவை மடியில் பிடித்துக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது.